முதலுதவிக்கு மூன்று நிமிடம்

செப்டெம்பர் 2, செவ்வாய்

வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பாடசாலை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலுதவிப் பயிற்சி. “ஒரு பத்தி போதும், பேர்ணடெற்” என்று என்னிடம் சொன்னார் எங்கள் பத்திரிகை ஆசிரியர் இராஜநாயகம். சுனாமிக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்.

கற்பிப்பவர் ஹபீலா, ஓய்வு பெற்ற தாதி. பள்ளி விட்ட பிறகு, சம்பளமில்லாமல். நேரசூசியில் வாரத்துக்கு ஒரு பாடவேளை கேட்கிறார். அதற்குக் கல்விப் பணிப்பாளர் ஒருவர் ஒப்பமிட வேண்டும். அவர்தான் 12ஆம் திகதி நடக்கும் பாடசாலை விழாவின் பிரதம விருந்தினர். அவர் மனம் குளிர்ந்தால் வகுப்பு நிலைக்கும். இல்லாவிட்டால் இந்த வருடத்தோடு சரி.

செப்டெம்பர் 9, செவ்வாய்

ஒத்திகை பார்த்தேன். வரவேற்பு நடனத்துக்கு ஒரு மணித்தியாலம். குத்துவிளக்கில் யாருக்குப் பின் யார் திரி ஏற்றுவது என்பதற்கு அரை மணித்தியாலம். முதலுதவிக்கு மூன்று நிமிடம்.

“பிள்ளையள் ஆளை ஆள் தொடாமச் செய்து காட்ட ஏலாதோ டீச்சர்? பெற்றோரும் வருகினம்” என்றார் பாடசாலை அதிபர்.

“தொடாம முதலுதவியா மெடம்? அப்ப போன்லயே செஞ்சிருவோம்” என்றார் ஹபீலா.

மாணவத் தலைவி ஹம்சிகா சிரித்துவிட்டாள். அதிபர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்புக்கு அங்கே முதலுதவி தேவைப்படவில்லை, உடனே நின்றுவிட்டது.

செப்டெம்பர் 12, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பத்திரிகையில் வராது.

ஆறு உரைகள். பிள்ளைகளின் மூன்று நிமிடம் ஒன்றரையாகச் சுருங்கியது. பிறகு நூலகத்தில் தேநீர். ஹபீலா அழைக்கப்பட்டோர் பட்டியலில் இல்லை. மண்டபத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

பணிப்பாளர் மீன் கட்லட்டைக் கடித்தபடி, அவசர வேளையில் சமயோசிதம் எவ்வளவு முக்கியம் என்று விளக்கினார். பாதி வசனத்தில் நிறுத்தினார். யோசிக்கிறார் என்று நினைத்து நாங்கள் மரியாதையாகக் காத்திருந்தோம். முகம் நாவல் நிறமானது. சத்தமே இல்லை.

“புரைக்கேறிட்டுது! ஆரோ நினைக்கினம் சேர்!” என்று அதிபர் அவர் உச்சந்தலையில் தட்டினார். உப அதிபர் தட்டினார். பெற்றோர் சங்கத் தலைவர் தட்டினார். ஒருவர் தண்ணீர் நீட்டினார், ஒருவர் நிகழ்ச்சி நிரலால் விசிறினார். நான்? பேனாவை மூடினேன். அவ்வளவுதான்.

தேநீர்த் தட்டோடு நின்ற ஹம்சிகா தட்டை வைத்தாள். “சேர், குனியுங்கோ” என்று முதுகில் ஐந்து அடி. ஒன்றும் வரவில்லை. பின்னால் போய் அவரது இடுப்பைச் சுற்றிக் கட்டிப் பிடித்தாள். “ஐயோ, என்ன இது!” என்றார் அதிபர். இரண்டாவது இழுப்பில் கட்லட் துண்டு பறந்து உப அதிபரின் பட்டுச் சேலையில் விழுந்தது.

பணிப்பாளர் மூச்சு எடுத்தார். இருமினார். கதிரையில் விழுந்தார்.

அதிபரின் முதல் வார்த்தை: “மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்.”

செப்டெம்பர் 13, சனி

நான் எழுதியது நாற்பது வரி. இராஜநாயகம் வெட்டியபின் வந்தது: “தேநீர் விருந்துடன் விழா இனிதே நிறைவுற்றது.”

தொலைபேசியில் கேட்டேன். “மனுசன் உயிரோடதானே இருக்கிறார்? அப்ப இனிதேதான்” என்றார்.

செப்டெம்பர் 17, புதன்

ஹம்சிகாவின் தலைவிச் சின்னத்தைக் கழற்றிவிட்டார்கள். ஆறேழு பெரியவர்களுக்கு முன்னால் ஒழுக்கக் குறைவாம். மூச்சடைத்தவரை எந்தப் பக்கத்தால் பிடித்தால் ஒழுக்கம் என்று அதிபரிடம் கேட்டேன். கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டார்.

பணிப்பாளரின் சுற்றறிக்கையும் வந்திருக்கிறது. பாடவேளை அனுமதிக்கப்படுகிறது! ஆனால் எழுத்துமூலம் மட்டும். தொட்டுச் செய்யும் பயிற்சி கூடாது. தவணை முடிவில் பரீட்சை, படம் கீறினால் மேலதிகப் புள்ளி.

“வெறும் எழுத்தப் படிச்சி யார் பொழச்ச?” என்றார் ஹபீலா. அழுதிருக்கிறார். எனக்கும் — ஆத்திரத்தில் விசர்தான் பிடிக்கிறது. ஒரு பிள்ளை சரியாகச் செய்தது. அதற்கு இவ்வளவா?

செப்டெம்பர் 21, ஞாயிறு

மழை. ஹபீலா கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலய மண்டபம் கேட்டிருக்கிறார். பாதர் ஓம் என்றாராம்.

செப்டெம்பர் 28, ஞாயிறு

கொட்டாஞ்சேனை மண்டபத்தில் முதல் வகுப்பு. பதினொரு பிள்ளைகள், சில தாய்மார், நான். ஹபீலா ஒதுங்கி நிற்க, ஹம்சிகாதான் சொல்லிக்கொடுத்தாள். என் கையைப் பிடித்துத் தொப்புளுக்கு மேலே வைத்து, “அன்டி, இது பேனா பிடிக்கிற பிடி. கையை இறுக்கிப் பொத்துங்கோ” என்றாள்.

பத்து மணியளவில் புதிய பெண் ஒருவர் வந்தார். பணிப்பாளரின் மனைவி என்றார்.

“அவர் சாப்பிடேக்கதான் கூடக் கதைக்கிறவர், பிள்ளை. சொன்னாக் கேக்கமாட்டார். எனக்குப் பழக்கிவிடு” என்றார். தலையணையில் அடித்துப் பார்த்தார். “இன்னும் பலமா அடிக்கலாமோ?”

“ஓம் அன்டி. வடிவா அடிக்கலாம்.”

அடித்தார். தேவைக்கு மேலேயே அடித்தார். தாய்மார் சிரித்தார்கள்.

வெளியே காரில் இருந்தவர், சிரிப்புச் சத்தம் கேட்டோ என்னவோ, வாசலுக்கு வந்தார். சுற்றறிக்கையில் ஒப்பமிட்டவர் அவர்தான். என்னைக் கண்டதும், “பேப்பரில போடவேண்டாம்” என்றார்.

ஹம்சிகா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு மற்றவர்களிடம் சொல்வதுபோலவே சொன்னாள்: “உண்மையான ஆளிலதான் கை வைக்கிற இடம் விளங்கும். சேர், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. இழுக்கமாட்டன், இடம் மட்டும் காட்டுவன்.”

பணிப்பாளர் மனைவியைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றினார். நடுவில் வந்து, எங்களுக்கு முகத்தையும் ஹம்சிகாவுக்கு முதுகையும் காட்டி நின்றார்.