ஒரு வருஷமாக அசையாத பல்லி

சனிக்கிழமை, இரவு

அப்பா வேலை பார்க்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை கம்பெனியில் இருட்டில் பார்க்கும் பைனாகுலர் செய்கிறார்கள். நம் அரசாங்கம் அவற்றை வேறொரு நாட்டு ராணுவத்துக்குக் கொடுத்திருக்கிறது. வேறு யார் கைக்கும் போகாமல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று வருஷாவருஷம் அவர்கள் படம் அனுப்ப வேண்டும். சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அப்பா.

இன்று மாலை அவர் லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். போன வருஷப் படம், இந்த வருஷப் படம். இரண்டிலும் பைனாகுலர்கள் அடுக்கிய அலமாரிக்கு மேலே அதே இடத்தில் ஒரு பல்லி.

"ஒரு வருஷமா அது தவம் பண்ணுதாப்பா?"

அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "பழைய படத்தையே அனுப்பிருக்கானுங்க. எப்டிடா கண்டுபுடிச்ச?"

டியூஷனில் இருப்பதாக அம்மாவுக்கு நான் தினமும் அனுப்புவதும் ஒரே செல்ஃபிதான். அப்போது நான் நோணாங்குப்பம் படகுத்துறையில் இருப்பேன். அதைச் சொல்லவா முடியும்? "சும்மா தோணிச்சு" என்றேன்.

அப்பா மேலதிகாரிக்குப் போன் போட்டார். "நட்பு நாடுய்யா, சங்கடப்படுத்தாத. கையெழுத்தப் போட்டுடு" என்றது ஸ்பீக்கர்.

"நாளைக்கு எதனா ஆச்சுன்னா மாட்டறது என் கையெழுத்து சார். புதுப் படம் வரட்டும்."

போனை வைத்தவர் இன்னும் சாப்பிடவில்லை.

எனக்கும் தூக்கம் வரவில்லை. அந்த அலமாரி இப்போது காலியாக இருந்தால், இந்த இருட்டில் அந்த பைனாகுலர் வழியாக யார், யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?