வெயிலில் நின்ற வரிசை

என் பேத்தி அலுபோவுக்கு,

அபேலாவிலிருந்து உன் பாட்டி அகிதெங் எழுதும் கடிதம். நான் இருக்கிறேன். உன் சின்னத் தாத்தா ஓகியாவும் இருக்கிறார், காதுதான் முன்னைவிட மோசம். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு நான் உன்னைச் சமாதானம் செய்ய வேண்டும். போதகரின் மகள் உன்னைப் போலவே அங்கே வீட்டு வேலைக்கு விமானம் ஏறுகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மூன்றாம் வகுப்புவரை படித்தவளின் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

மரவள்ளி பரவாயில்லை. கேழ்வரகைப் பறவைகள் தின்றுவிட்டன. நீ அனுப்பியதை வைத்துச் சமையல் குடிசைக்குத் தகரம் போட்டோம். மழை பெய்தால் அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. ஓகியாவுக்கு மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை.

விஷயம் இதுதான். நம் வட்டத்தை இரண்டாக வெட்டிவிட்டார்கள். சதுப்புக்கு அந்தப் பக்கம் பழைய வட்டம், இந்தப் பக்கம் நாம் புதிய வட்டம். நமக்கென்று தனி ஆபீஸ், தனி கவுன்சில், அதோடு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியும் வரும் என்று மாவட்டத்திலிருந்து வந்து சொன்னார்கள். ஜனங்கள் குலவையிட்டார்கள். நான் இடவில்லை. இந்த வட்டத்தை எத்தனை பேர் எப்படியெல்லாம் ஆண்டார்கள் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள், அதனால் அவர்களுக்குக் குலவை வருகிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் வட்டத் தலைவன் என்று ஒருவன் இருந்தான். எசாபு என்று பெயர். வரி கட்டப் பிந்தியதற்காக என் அப்பாவை வட்ட ஆபீஸ் முற்றத்தில் குப்புறப் படுக்கவைத்து அடித்தான். நான் தண்ணீர்க் குடத்தோடு வேலி ஓரம் நின்றிருந்தேன். அடிக்கும்போது எசாபு சிரிக்கவில்லை. அடித்து முடித்து, என் அப்பா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு நன்றி சொன்னபோது சிரித்தான். மேல் உதடு மட்டும் ஒரு பக்கமாக ஏறும். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

பிறகு கொடி மாறியது. தலைவன் என்ற பெயரும் மாறியது. நாற்காலி மட்டும் அதே வீட்டில் இருந்தது. மாடுகளையெல்லாம் கொள்ளைக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போன பிறகு வந்த அரசாங்கம், ஊருக்கு ஒன்பது பேர் கொண்ட கவுன்சில் வைத்தது. அதில் பெண்களுக்கு ஒரு இடம். அந்த இடத்தில் நான்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வது தப்பு. ஆண்கள் எட்டுப் பேரும் பெஞ்சில் இருப்பார்கள், நான் அடுப்பங்கரையில் அவர்களுக்குத் தேநீர் வைத்துக்கொண்டிருப்பேன். இந்தப் பக்கத்துக்கு ஒரு பிரசவ அறை வேண்டும் என்று வாசலில் நின்றே கேட்டேன். எசாபுவின் மகன் அப்போது சேர்மன். “தேநீர்ல சர்க்கரை கம்மி அகிதெங், மொதல்ல அதைப் பாரு” என்றான். பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் என்று பெயர் சொல்லுவேன். பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேருக்கு நான் இன்னும் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதில்லை.

அறை சதுப்புக்கு அந்தப் பக்கமே கட்டப்பட்டது. பின்பு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் முழுதாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் அம்மா அமோங்கினுக்கு வலி எடுத்த அன்று சதுப்பில் வெள்ளம். சைக்கிளில் பலகை கட்டிக் கொண்டுபோனோம். கோரை நடுவே பாதை தெரியவில்லை. படகுக்காரன் அக்கரையில் இருந்தான், கூப்பிட்டது கேட்கவில்லை. கரையிலேயே நீ பிறந்தாய். கொஞ்ச நேரத்தில் அவள் போய்விட்டாள். அக்கரையில் ஆஸ்பத்திரிக் கூரை தெரிந்தது. புதுத் தகரம், மழையில் பளபளவென்று இருந்தது. அவளை நம் மேட்டு நிலத்தில், உன் தாத்தாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். பிள்ளை மண் போடாமல் குழியை மூடக் கூடாது என்பது நம் குல வழக்கம். நீ பிறந்து ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை. உன் கைக்குள் மண்ணை வைத்து, விரலை நான்தான் பிரித்துவிட்டேன்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். ஆபீஸும் ஆஸ்பத்திரியும் வேண்டுமென்றால் ஊர்தான் இலவசமாக நிலம் கொடுக்க வேண்டும். ரோட்டு ஓரமாக நாலு ஏக்கர். அப்படி நம் பக்கத்தில் இரண்டே இடம்தான். ஒன்று கடைத்தெருவுக்குக் கீழே ஓஜிலோங்கின் நிலம். எசாபுவின் பேரன், உனக்குத் தெரியுமே, வயிற்றுக்கு மேலே பெல்ட் கட்டுகிறவன். அவன் அம்மா உன் தாத்தாவுக்கு ஒன்றுவிட்ட அக்காள், அந்த முறையில் என்னை அத்தை என்பான். அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்று நான் அப்போதே சொன்னேன். ஆபீஸ் அங்கே வந்தால் சுற்றிலும் அவன் கடைகள் எழும்பும். ஆனால் மழைக்காலத்தில் அந்த நிலத்தில் தவளை கத்தும், கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். இன்னொன்று நம் மேடு.

ஓகியாவும் ஊர்க்காரர்கள் சிலரும் வந்து கேட்டார்கள். மேட்டில் அமோங்கின் இருக்கிறாள் என்றேன். எலும்பை எடுத்து மாற்றி வைக்கலாம், அந்தச் சடங்குக்கு ஆடும், பீர் காய்ச்சக் கேழ்வரகும் குலமே கொடுக்கும் என்றார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “அண்ணி வாயத் தொறக்கலேன்னா சம்மதம்தான்” என்று ஓகியாவே முடிவு செய்துகொண்டு போனார். காது கேட்காதவருக்கு எதையும் முடிவு செய்வது சுலபம்.

ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றதால், வரிசையில் நின்று தீர்மானிக்கச் சொல்லிவிட்டார் மாவட்டத்து அதிகாரி. இடத்துக்கு ஒரு கம்பு ஊன்றிவைப்பார்கள், எந்த இடம் வேண்டுமோ அந்தக் கம்புக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், தலையைத் தொட்டு எண்ணுவார். பெட்டியில் சீட்டுப் போட்டால் யார் எங்கே போட்டார் என்று தெரியாது. இதில் எல்லாம் தெரியும், ஆயுசுக்கும் தெரியும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

ஓஜிலோங் தன் கம்பைப் பள்ளிக்கூடத்து மாமரத்தடியில் ஊன்றினான். கெட்டிக்காரத்தனம். நம் கம்பு திறந்த மைதானத்தில். ஒரு வாரமாகவே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கைப்பிள்ளைக்காரிகள், வயிற்றுப்பிள்ளைக்காரிகள் எல்லோரும் எந்தக் கம்பு என்றுகூடப் பார்க்காமல் நிழலுக்குப் போனார்கள். ஓகியாவின் மருமகள் அச்சென், மாதம் நெருங்கியவள், அவளும் நிழலில்தான் நின்றாள். ஓகியா வெயிலிலிருந்து கத்தினார்: “அடியே, நீ நம்ம கம்புக்கு வா!” அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “கம்பு எங்க இருந்தா என்ன மாமா, எம்புள்ளைக்கு நிழல் வேணும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மேல் தப்பில்லை.

நான் இரண்டிலும் இல்லை. தேவாலயத்துச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எந்தப் பக்கமும் நிற்கப் போவதில்லை என்றுதான் போனேன். நான் நிற்காவிட்டால் மேடு தோற்கும், அமோங்கின் கிடக்கிற இடத்தில் கிடப்பாள், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு எண்ணக் கிளம்பினார். பார்த்தாலே தெரிந்தது, நிழல்தான் நீளம்.

அப்போது ஓஜிலோங் என் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி, “அத்தே, உக்காந்துக்கிட்டே ஓட்டுப் போட முடியாது. எலும்பக் காவல் காக்கணும்னா இந்த நிழலுக்கு வாங்க, ஒரு நல்ல காரியம் பண்ணிட்டுப் போங்க” என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். மேல் உதடு ஒரு பக்கமாக ஏறியது.

நான் எழுந்தேன். தடியை ஊன்றி மைதானத்தில் நடந்து, நம் கம்புக்குப் பின்னால் கடைசி ஆளுக்கும் பின்னால் போய் நின்றேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. அந்த உதட்டுக்கு எதிரே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓஜிலோங் ஒன்றை மறந்துவிட்டான். ஊரில் பாதிப் பெண்கள் நம் குலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், எனக்கு மருமகள் முறை. மாமியார் வெயிலில் நிற்கும்போது மருமகள் நிழலில் நிற்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. முதலில் அச்சென்தான் வெளியே வந்தாள். முனகிக்கொண்டே வந்தாள், “இந்தக் கெழவிக்கு இன்னைக்குத்தானா நிக்கணும்” என்று. என் பின்னால் வந்து தன் துணியை என் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக, பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் ஓஜிலோங்கின் இளைய மனைவியே வந்தாள். “ஏய், எங்கடி போற?” என்றான் அவன். “ஒங்க அத்தைதானே, நீங்க சொல்லுங்க உக்காரச் சொல்லி” என்றாள் அவள். அவன் பெல்ட்டை இன்னும் மேலே இழுத்துக்கொண்டான். மாமரத்தடியில் ஆண்கள் கொஞ்சம் பேரும் ஒரு ஆடும் மிஞ்சினார்கள்.

அதிகாரி எண்ணினார். மேடு ஜெயித்தது. இந்த முறையும் குலவையிட்டார்கள், என் காதுக்கு மிக அருகில். பெற்ற மகளின் குழியையே ஊருக்குக் கொடுத்தவள் என்று போதகர் ஞாயிற்றுக்கிழமை என் பெயரைச் சொல்லிப் பிரசங்கம் செய்தார். நான் ஊருக்காக நின்றேனா, ஒரு உதட்டுக்காக நின்றேனா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்து அழுகை வருமென்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தேன். மறுநாளும் அப்படித்தான். கைகால் மரத்துப் போனால் தட்டினால் சரியாகும். இது எங்கே மரத்திருக்கிறது, எங்கே தட்டுவது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வரும் என்று நான் நம்பவில்லை. இதுவரை வந்திருப்பது கல்வெட்டு ஒன்றுதான், அதில் ஓஜிலோங்கின் பெயர்தான் முதலில் இருக்கிறது. புது வட்டத்துக்கு அவன்தான் சேர்மனாம். ஆனால் அச்சென் தினமும் சாயங்காலம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்து போய், அளவுக்கு அடித்த முளைகளுக்குள் நின்று பார்த்துவிட்டு வருகிறாள். “பெரியத்தே, இந்த மூலைதான் பிரசவ அறையாம்” என்று எனக்குக் காட்டினாள். அந்த மூலையில்தான் உன் அம்மா இருக்கிறாள். அவளுக்கு ஆஸ்பத்திரி எழும்புவதற்குள் பிரசவம் ஆகிவிடும். அதனால் படகுக்காரனை இப்போதே இக்கரையில் கட்டிப்போடச் சொல்லியிருக்கிறேன்.

மழைக்கு முன்னால் உன் அம்மாவையும் தாத்தாவையும் எடுத்து, சமையல் குடிசைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். தாத்தாவுக்கு மண் போட உன் மாமன்கள் இருக்கிறார்கள். உன் அம்மாவுக்கு நீ ஒருத்திதான். உன்னை வா என்று நான் எழுதவில்லை. உன் பாஸ்போர்ட் அந்த வீட்டம்மாவின் அலமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யாரிடமும் கெஞ்சாதே. வர முடியாதவர்கள் உடுத்திய துணியை அனுப்பலாம் என்று குலத்தில் சொல்கிறார்கள். அதை ஓகியாவின் பேத்தி கையில் கட்டி மண் போடவைப்போம். அப்படியென்றால் ஒரு துணி அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

குழி வெட்டியதும் மூடிவிட வேண்டும் என்று ஓகியா அவசரப்படுகிறார். எனக்கு முழங்கால் வலி, கேழ்வரகு இன்னும் முளை கட்டவில்லை, பீர் புளிக்கவில்லை என்று எதையாவது சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம். போன முறை உன் விரலை நான் பிரித்தேன். இப்போது உனக்குக் கை பெரிதாகிவிட்டது.

நீ போகும் வழியெல்லாம் ஆண்டவர் முன்னே நடக்கட்டும். அந்த வீட்டம்மாவின் மனம் இளகட்டும். இந்த வருடம் மழை பிந்தி வரட்டும்.

உன் பாட்டி,
அகிதெங்