புருவத்தால் சொன்ன ஆமாம்

அன்புள்ள அக்கா மலாயாவுக்கு,

தங்கை அப்பியாவின் வணக்கம். உன் இருமல் குறைந்ததா? சுவர்ப் பூஞ்சையைத் துடைக்கும்போது மூக்கை மூடிக்கொள். நான் நலமாகவே இருக்கிறேன்.

நேற்று நம் இனுயிட் மக்கள் சார்பில் நான் பேசப் போன ஒட்டாவா நாடாளுமன்றக் குழுவில் ஒரு வேடிக்கை. நம் வடதுருவ ஊரில் புது வீடுகள் கட்டுவதற்கான மரம், பனி உருகியதும் வருடத்துக்கு ஒருமுறை வரும் இந்தக் கோடைக் கப்பலிலேயே வர வேண்டுமா என்று குழுத் தலைவர் கேட்டார். நான் புருவத்தை நன்றாக உயர்த்தினேன். அவர் சற்றுக் காத்திருந்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

"ஆமான்னு சொன்னேனே," என்றேன்.

"எப்பம்மா சொன்னீங்க?"

"உங்க மூஞ்சிக்கு நேரா. எங்க ஊர்ல புருவத்தைத் தூக்கினா ஆமான்னு கைக்குழந்தைக்குக்கூடப் புரியும்."

எல்லோரும் சிரித்தார்கள், முடிவை மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வாயைத் திறந்து பதில் சொல் என்று கன்னியாஸ்திரீகள் பள்ளியில் அடித்துச் சொன்னதெல்லாம் வீண். கப்பல் கிளம்புவதற்குள் ஒப்புதல் வராவிட்டால் இன்னும் ஒரு வருடம் நீங்கள் எல்லோரும் அந்த இரண்டு அறை வீட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டுதான். ஆகவே நான் இங்கிருந்து அசைய முடியாது. இங்கே என் விடுதி அறையின் ஜன்னல்கூடத் திறக்காது.

காய்ந்த மீன் அனுப்பு. தோலை உரிக்காதே, போன தடவை உரித்துவிட்டாய். என்னை நாடாளுமன்றத்துக்கு அழைத்துப்போகும் கார் வந்துவிட்டது. என் கட்டிலில் இப்போது யார் தூங்குகிறார்கள் என்று எழுது. அவர்களை எழுப்ப வேண்டாம். நான் இப்போதைக்கு வருவதாயில்லை.

அப்பியா