பார்த்துக்கொள்ளச் சொன்ன பிள்ளைக்கு

அக்கா,

போன சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு உப்புவெளிக்குப் போயிருந்தேன். என்னோடு வேலை செய்யும் தோழியின் வீடு. தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. முற்றத்தில் நின்ற அவர்களுடைய நாய் விறாந்தைக்குள் ஓடிவந்து உடம்பை உதறியது. பெரிய நாய். மகனின் தலை அதன் தோள் உயரத்துக்குத்தான் வரும். நனைந்த மயிரின் மணம் மூக்கில் ஏறியதும் கோப்பையை வைத்துவிட்டு மகனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அந்த நாளைப் பற்றி எனக்கு ஒன்றுமே நினைவில்லை என்றுதான் இதுவரை எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். உடம்பு மறக்கவில்லை போலிருக்கிறது.

தோழி சிரித்தாள். "பயப்படாதேங்கோ, அது ஒண்டும் செய்யாது. பிள்ளையளோட பிள்ளையா வளந்தது." பிறகு தன்னுடைய மூத்த மகளைக் கூப்பிட்டாள். எட்டு வயது இருக்கும். "தம்பியைப் பார்த்துக்கொள் என்ன, நாங்கள் உள்ளுக்கை கதைச்சுக்கொண்டிருக்கிறம்."

அந்தப் பிள்ளை "ஓம் அம்மா" என்று கதிரையின் நுனியில் வந்து அமர்ந்தாள். நாயையும் என் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு கைகளும் கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. தன்னால் தடுக்க ஏலாத ஒன்றைத் தன் பொறுப்பில் விட்டுவிட்டார்கள் என்பது அந்த முகத்துக்குத் தெரிந்திருந்தது.

நான் உள்ளே போகவில்லை. மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீ போய் விளையாடு பிள்ளை, இவனை நான் பாக்கிறன்" என்றேன். நாயைக் கட்டச் சொன்னேன். தோழிக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் கட்டினாள்.

ஒன்பது வயதில் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, அக்கா. எனக்கு அப்போது மூன்று. சனிக்கிழமைதான் அதைப் பார்த்தேன்.

சீசர் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. அங்கே ஒரு கப்பல் கம்பனி அதிகாரி மாற்றலாகிப் போகும்போது, வளர்த்த நாயைக் கொண்டுபோக வழியில்லாமல் அப்பாவிடம் கொடுத்தாராம். எங்கள் ஊர் பாலையூற்றில் அந்த அளவு நாய் அதுவரை யாரும் பார்த்ததில்லை. கபில நிறம், கன்றுக்குட்டியின் நெஞ்சு. தபால்காரர் சைக்கிளை வேலியோடு நிறுத்திவிட்டுத்தான் கூப்பிடுவார். ஆனால் வீட்டுக்குள் அது ஒரு பஞ்சு மூட்டை. நான் அதன் வயிற்றில் தலைவைத்துத் தூங்குவேனாம். முதுகில் ஏறிச் சவாரி செய்வேனாம். வருகிற ஆட்களுக்கெல்லாம் அப்பா அதைக் காட்டுவார். "பாருங்கோ, எவ்வளவு பொறுமை" என்பார்.

பொறுமை என்று எல்லோரும் சொன்னதை நீங்கள் மட்டும் வேறு மாதிரிப் பார்த்திருக்கிறீர்கள். நான் கட்டிப்பிடிக்கும்போது சீசர் முகத்தை அங்கால் திருப்புவதை. வாயை நக்கிக்கொள்வதை. உடம்பு அப்படியே விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிவதை. அந்த மாரி தொடங்கிய பிறகு இடது காதைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்ததை. ஒருநாள் நான் அந்தக் காதைப் பிடித்து இழுத்தபோது தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நீங்கள் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னீர்கள்.

"அப்பா, சீசர் சின்னவளைப் பார்த்து உறுமினவன்."

"உறுமேல்லையடி, அவளோட கதைக்கிறான்" என்று அப்பா சிரித்தார்.

"காது நோகுது போல அப்பா."

"ஞாயிற்றுக்கிழமை பாப்பம்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. இரவு வேலை முடித்து வந்த அப்பா அறைக்குள் நித்திரை. அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. நனைந்து வந்த சீசர் விறாந்தைச் சுவரோடு படுத்திருந்தது. நானும் நீங்களும் பக்கத்தில். "சின்னவளைப் பார்த்துக்கொண்டிரு" என்பது அம்மாவின் கட்டளை. நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். சீசருக்கும் எனக்கும் நடுவில் உங்கள் காலை நீட்டி வைத்துக்கொண்டு இருந்தீர்கள் என்று பிறகு சொன்னீர்கள். அந்தக் காலைப் பற்றி நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். மெல்லிய, முழங்காலில் சிராய்ப்புக் காய்ந்த, ஒன்பது வயதுக் கால். எங்கள் வீட்டில் எனக்கிருந்த வேலி அதுதான்.

வானம் திரும்பவும் இருண்டது. குசினியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "கொடியில கிடக்கிற உடுப்பைக் கெதியா எடு பிள்ளை, மழை வரப்போகுது."

"சின்னவள் இருக்கிறாள் அம்மா."

"ஒரு நிமிசம்தானே. ஓடு."

நீங்கள் ஓடினீர்கள். கிணற்றடியில் கொடி. கைநிறைய உடுப்போடு திரும்பும்போது குரைப்புச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்றீர்கள். குரைத்திருந்தால் அம்மாவாவது வந்திருப்பார். நான் எழுந்து போய்ச் சீசரின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். என் கன்னம் அந்தக் காதை அழுத்தியிருக்கிறது. அது ஒரே ஒரு தரம் கடித்தது. கடித்துவிட்டு உடனே விட்டது. நீங்கள் வந்தபோது சீசர் விறாந்தை மரவாங்குக்கு அடியில் புகுந்து நடுங்கிக்கொண்டிருந்ததாம். நான் அழவில்லை. அழாமல் உட்கார்ந்திருந்ததுதான் உங்களைக் கனவில் வந்து எழுப்பியது என்று சொன்னீர்கள். கன்னம் திறந்து, பல் தெரிய, நான் உங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேனாம்.

கையிலிருந்த அப்பாவின் வெள்ளைச் சேர்ட்டை என் முகத்தில் வைத்து அழுத்தியது நீங்கள்தான். அம்மாவால் கத்த மட்டுமே முடிந்தது. முன்வீட்டுக்கு ஆள் இறக்க வந்திருந்த கிண்ணியா ஊர் முஸ்லிம் நானா ஒருவருடைய ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க நீங்கள் கையை எடுக்கவில்லை. அங்கே தாதி வந்து உங்கள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அந்தச் சேர்ட்டை எடுக்க வேண்டியிருந்ததாம்.

தையல் போட வந்த டாக்டர் கேட்டார்: "பிள்ளையை ஆர் பார்த்துக்கொண்டிருந்தது?"

அம்மா உங்களைக் காட்டினார்.

அப்பா உங்கள் பக்கம் திரும்பி, "நீ எங்கை போனனீ?" என்றார்.

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. டாக்டர் மட்டும் உங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது சின்னப் பிள்ளையெல்லோ" என்றாராம். அது யாருடைய காதிலும் விழவில்லை.

சீசருக்கு விசர், அதுதான் வெறிநாய் நோய், இருக்கிறதா என்று அறிய, கொல்லாமல் கட்டிவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். வேப்பமரத்தில் சங்கிலியால் கட்டினார்கள். பக்கத்தில் போக யாருக்கும் துணிவில்லை. நீங்கள்தான் சோற்றுத் தட்டைத் தடியால் தள்ளித் தள்ளி வைத்தீர்கள். அது சாப்பிடாமல் உங்களையே பார்க்குமாம். பார்க்க வந்த மிருக வைத்தியர் காதுக்குள் சீழ் பிடித்திருப்பதாகச் சொன்னார். தொட்டால் உயிர் போகிற நோவாம். அதன்பிறகு ஒருநாள் நீங்கள் பள்ளிக்கூடத்தால் வரும்போது மரத்தடி வெறுமையாக இருந்தது. ஈச்சிலம்பற்றில் ஒரு தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டதாக அப்பா சொன்னார். நீங்கள் நம்பவில்லை, திருப்பிக் கேட்கவும் இல்லை. கேட்காமலே இருக்க நீங்கள் அதற்குள் பழகிவிட்டிருந்தீர்கள்.

என் முகம் ஆறியது. சிரித்தால் ஒருபக்கம் இழுக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கொஞ்சக் காலம் கோணல் வாய் என்றார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். நாயைக் கண்டு நான் பெரிதாகப் பயந்ததும் இல்லை. எனக்கு ஆறியது உங்களுக்கு ஆறவில்லை. கடற்கரைக்குப் போனால் நீங்கள் அலைப் பக்கம் பார்க்கவே மாட்டீர்கள். என்னையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். எங்கள் ஊரில் கடற்கரை வரை திரியும் மான்கள் மணலில் வந்து நின்றால்கூட என்னை உங்களுக்குப் பின்னால் இழுத்துக்கொள்வீர்கள். இடைவேளைகளில் என் வகுப்பு யன்னலில் உங்கள் தலை தெரியும். எனக்கு அது வெட்கமாக இருக்கும். "ஏன் வாறீங்கள்?" என்று சண்டை பிடிப்பேன். "சும்மா" என்பீர்கள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் கன்னத்தைப் பார்த்துக் கேட்பார்கள். அம்மா அதே பதிலைச் சொல்வார். "மூத்தவளைப் பார்க்கச் சொல்லிப்போட்டுக் குசினிக்கை நிண்டனான். அவள் விளையாடப் போயிட்டாள்." அந்த நேரங்களில் நீங்கள் தேநீர்த் தட்டை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பீர்கள். நானும் அதையே கேட்டு, அதையே நம்பி வளர்ந்தேன்.

உங்களுக்குக் கலியாணமாகி வருடங்கள் போயும் பிள்ளை இல்லை. டாக்டரிடம் போகச் சொல்லி எல்லோரும் நெருக்கினார்கள். வேண்டாம் என்றது நீங்கள்தான் என்று அத்தான் என்னிடம் ஒருதரம் சொல்லியிருக்கிறார். என் மகன் பிறந்தபோது ஒவ்வொரு நாளும் வந்தீர்கள், சமைத்தீர்கள், துணி அலசினீர்கள். ஆனால் அவனோடு தனியாக இருக்க மாட்டீர்கள். நான் எழும்பினால் நீங்களும் எழும்புவீர்கள். "என்னட்டை விடாதை" என்பீர்கள்.

ஒருநாள் வேண்டுமென்றே அவனை உங்கள் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீங்கள் சுவரில் முதுகு சாய்த்து நின்றபடியே அவனை வைத்திருந்தீர்கள். கதவெல்லாம் பூட்டியிருந்தது. கழுத்தால் வியர்வை ஓடியது. கண் இமைக்கவில்லை. நான் அவனை வாங்கிக்கொண்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டீர்கள். அன்றைக்குத்தான் சொன்னீர்கள். கொடி, உடுப்பு, ஒரு நிமிசம்தானே, எல்லாம்.

"ஏன் அக்கா அப்பவே சொல்லேல்லை?"

"சொன்னா அப்பா அம்மாவை அடிச்சிருப்பார். எனக்கு அது தெரியும்."

"அப்பாதான் போயிட்டாரே. இப்ப அம்மாட்டைக் கேக்கட்டா?"

"வேண்டாம். அம்மாக்கு மறந்துபோயிருக்கும். மறந்தபடி இருக்கட்டும்."

நான் ஓம் என்றேன். போன மாரியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று அறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் முற்றிவிட்டது. கடைசியாக உங்களைப் பார்த்தபோது, "பிள்ளையை ஆரிட்டை விட்டிட்டு வந்தனீ?" என்று கேட்டீர்கள். அவனுடைய அப்பாவோடு என்றதும் கண்ணை மூடிக்கொண்டீர்கள். வேறொன்றும் நாங்கள் கதைக்கவில்லை.

சனிக்கிழமை தோழி வீட்டிலிருந்து நேரே பாலையூற்றுக்குப் போனேன். அம்மா மகனுக்குச் சோறு ஊட்டத் தொடங்கினார். நான் நாயைக் கட்டச் சொன்ன கதையைச் சொன்னேன். அம்மா சோற்றைக் குழைத்துக்கொண்டே சொன்னார்: "கட்டச் சொன்னது நல்லது. உன்ரை கொக்காவும் அண்டைக்கு ஒரு கண் வைச்சிருந்தா உனக்கு இந்தத் தழும்பு இல்லை."

செத்தவளைப் பற்றியும் அதே வசனம். உங்களுக்கு ஓம் என்று கொடுத்த வாக்கை என்னால் அதற்கு மேல் வைத்திருக்க ஏலவில்லை, அக்கா.

"அம்மா, அக்காவை உடுப்பு எடுக்க அனுப்பினது ஆர்?"

அம்மாவின் கை தட்டில் நின்றது. மறுப்பார், அல்லது நினைவில்லை என்பார் என்று நினைத்தேன்.

"நான்தான்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. "அது எனக்கு மறக்குமே? அவள் இண்டைக்குச் சொல்லுவாள், நாளைக்குச் சொல்லுவாள் எண்டு பயந்துகொண்டே இருந்தனான். உன்ரை கொப்பர் செத்த பிறகாவது சொல்லுவாள் எண்டு பார்த்தன். அவள் வாய் திறக்கேல்லை. சொல்லிச் சொல்லி நான் சொன்னதே எனக்கு உண்மை மாதிரி வந்திட்டுது."

"அவ உங்களுக்கு மறந்துபோச்செண்டு நினைச்சவா, அம்மா."

அதைக் கேட்டதும்தான் அம்மா அழுதார். சத்தமில்லாத அழுகை. மகன் ஒன்றும் விளங்காமல் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்துகொண்டு இருந்தான். நான் தட்டை வாங்கி ஊட்டினேன். எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. ஒரே வீட்டுக்குள் ஒருவர் மற்றவரைக் காப்பாற்றிக்கொண்டும், மற்றவர் அது தெரியாமல் பயந்துகொண்டும் இரண்டு பேர் இத்தனை காலம் இருந்திருக்கிறீர்கள். அதில் ஒரு ஆள் சிறுபிள்ளை.

வெளிக்கிடும்போது அம்மா படலைக் கதவு வரைக்கும் வந்தார். "இனி ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?" என்று கேட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான். கேட்கிற தூரத்தில் நீங்கள் இல்லை.

அம்மா ஒத்துக்கொண்டுவிட்டார், அக்கா. நீங்கள் விளையாடப் போகவில்லை. முதலே கண்டீர்கள், கண்டதைச் சொன்னீர்கள், காலை நீட்டி மறித்துக்கொண்டு இருந்தீர்கள். பெரிய ஆட்கள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்துவிட்டு, பழியையும் நீங்களே வைத்துக்கொண்டீர்கள்.

இரவில் மகன் நித்திரையான பிறகும் அவன் பக்கத்தில் ஒரு காலை நீட்டி வைத்தபடிதான் படுக்கிறேன். எங்கள் வீட்டில் நாய் இல்லை. மறிக்க வேண்டியது ஒன்றும் இல்லை. என்றாலும் காலை எடுக்க ஏலாமல் இருக்கிறது.

உங்கள் சின்னவள்