தொட்டியின் மேல் ஒரு கீபோர்டு

ஆம்பூர்
3.2.2025

அன்புத் தம்பி நந்தகோபாலுக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிற உன் பாஸ்டர் அக்கா எழுதுவது. போன் போட்டால் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. சரி, தபால்காரர் கையில் கொடுத்தால் என்ன செய்வாய் என்று பார்க்கலாம்.

ஐந்து ஞாயிறாக உன் நாற்காலி காலி. பாடகர் குழு எங்கோ ஆரம்பித்து, கடைசிச் சரணத்தில் ஆளுக்கொரு ஊரில் இறங்குகிறது. டீக்கன் மூர்த்தி ஐயா தன் கட்டைக் குரலில் அடியெடுத்துக் கொடுக்கிறார். அந்தச் சுருதியில் பெண்களால் பாட முடியவில்லை. நான் பிரசங்கத்தை முடித்துப் பழக்கத்தில் உன் பக்கம் திரும்பித் தலையசைக்கிறேன். அங்கே உன் அம்மா நெய்து கொடுத்த கட்டம் போட்ட துணி கீபோர்டை மூடிக்கொண்டு கிடக்கிறது.

ஷூ கம்பெனியில் ஓவர்டைமா? உடம்பு சரியில்லையா? இல்லை, என் மேல் கோபமா? ஆறு வருஷமாகக் குடியாத்தத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவன் நீ. காரணம் எதுவானாலும் எழுது.

உன்னைத் தேடும் அக்கா,
பூங்குழலி சாமுவேல்


உ

குடியாத்தம்
9.2.2025

மதிப்பிற்குரிய பாஸ்டர் அக்காவுக்கு,

நந்தகோபால் வணக்கத்துடன் எழுதுவது. கம்பெனியில் வேலை ஜாஸ்திதான், ஆனால் அது காரணம் இல்லை. உங்களிடம் பொய் சொல்ல வரவில்லை.

புது வருஷ ஞானஸ்நான ஆராதனைக்கு அம்மாவை அழைத்து வந்தேன். நாங்கள் சாமி கும்பிடுகிற வீடு. ஆடி மாசக் கச்சேரிகளில் வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை சர்ச்சில் வாசிக்கிறான் என்று அம்மாவுக்குத் தெரியும், ஒரு நாளும் வந்து கேட்டதில்லை. அன்றுதான் முதல் தடவை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வழக்கம்போல கீபோர்டைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மேடைப் பலகைகளைத் தூக்கி, அடியில் இருக்கும் தொட்டியைத் திறந்தோம். ஞானஸ்நானம் எடுக்க வந்த ஐந்து பேருக்கும் முழுக்கு கொடுத்த பிறகு, நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி எல்லாருக்கும் கேட்கச் சொன்னீர்கள்: “எங்க நந்தகோபால் ஒருத்தர்தான் பாக்கி. அடுத்த முழுக்கு அவருக்குத்தான்.” சபையே கைதட்டியது. சந்தோஷத்தில் சொன்னீர்கள், எனக்குத் தெரியும்.

திரும்பும்போது பஸ் பேரணாம்பட்டு தாண்டியது. அம்மா கேட்டார்கள்: “இன்னாடா, நீ அங்க வாசிக்கப் போறியா, இல்ல உன்னப் புடிச்சி வெச்சிருக்காங்களா?” ஆறு வருஷம் அந்தத் தொட்டிக்கு மேலேதான் உட்கார்ந்திருந்தேன் அக்கா. யாரும் என்னை எதுவும் கேட்காததால்தான் நிம்மதியாக வாசித்தேன்.

கோபம் இல்லை. மனசு கொஞ்சம் பேஜாராகிவிட்டது, அவ்வளவுதான்.

என்றும் மரியாதையுடன்,
நந்தகோபால்


ஆம்பூர்
13.2.2025

அன்புத் தம்பிக்கு,

அன்று கைதட்டலைக் கேட்டேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை. என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். மன்னித்துக்கொள். அம்மாவிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பாஸ்டர் வீட்டுக்கு வந்த கடிதங்களில் இதுதான் முதல் ‘உ’. மேஜையில் வேதாகமத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

என் வாய் செய்த வேலை அதோடு நிற்கவில்லை. மூர்த்தி ஐயா கமிட்டியில் கேட்டார்: “தம்பி மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா முழுக்கு எடுக்காதவரு மேடையில உக்காரலாமா? நமக்குன்னு ஒரு முறை இருக்கு இல்ல?” இத்தனை நாள் யாருக்கும் தோன்றாத கேள்வியை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மார்ச் முதல் ஞாயிறு சபைக் கூட்டத்தில் ஓட்டுக்கு வருகிறது. எங்கள் சபையில் பாஸ்டர் சொன்னால் போதாது, அங்கத்தினர்கள் கை தூக்க வேண்டும். ஒரு பெண்ணைப் பாஸ்டராக வைக்கலாமா என்று கேட்டபோது நான் தப்பிப் பிழைத்தது உனக்குத் தெரியும். அன்று எனக்காக முதலில் கை தூக்கியவரே மூர்த்தி ஐயாதான். அதனால்தான் இந்த முறை பயமாக இருக்கிறது.

அக்கா,
பூங்குழலி


குடியாத்தம்
18.2.2025

பாஸ்டர் அக்காவுக்கு,

யோசித்துவிட்டேன். ஓட்டெல்லாம் வேண்டாம். வருகிற ஈஸ்டருக்கு எனக்கும் முழுக்கு கொடுத்துவிடுங்கள். ஒரு தடவை மூழ்கி எழுந்தால் முடிந்துபோகிற விஷயம்தானே.

ஞாயிறு காலையில் வீட்டில் இருக்க முடியவில்லை. விரல் சாப்பாட்டுத் தட்டின் மேல் வாசிக்கிறது. அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: “தண்ணில எறங்குனாதான் உடுவாங்கன்னா எறங்கிட்டு வாடா. நீ இப்படி உக்காந்துனு இருக்கறத என்னால பாக்க முடியல.” சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்விட்டார்கள். அழுதார்களா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

என்ன கேட்பீர்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். பக்கத்தில் நின்று எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். தேதி மட்டும் சொல்லுங்கள்.

நந்தகோபால்


ஆம்பூர்
21.2.2025

அன்புத் தம்பிக்கு,

முடியாது.

எந்தப் பாஸ்டரும் சந்தோஷப்படுகிற கடிதம் அது. நானும் சந்தோஷப்பட்டேன். ஓட்டு வேண்டாம், மூர்த்தி ஐயாவோடு மனஸ்தாபம் வேண்டாம், நீயும் வந்துவிடுவாய். பிறகு தாளின் தலையைப் பார்த்தேன். ‘உ’ இல்லை. அந்த இடத்தில் ஒயிட்னர் பூசியிருந்தது. கை தன்னால் போட்டிருக்கிறது, நீ எனக்காக அதை மூடியிருக்கிறாய். எனக்கு அழுகை வந்துவிட்டது தம்பி.

தண்ணீரில் நின்று நான் கேட்பது ஒரே கேள்வி. உன் சொந்த மனதால் விசுவாசிக்கிறாயா? நீ ஆம் என்பாய். அது கீபோர்டுக்காகச் சொன்ன ஆம் என்று உனக்கும் எனக்கும் தெரியும், சமையல்கட்டில் இருக்கிற அம்மாவுக்கும் தெரியும். தானாக விரும்பாத யாரும் மூழ்கக் கூடாது என்றுதான் நாங்கள் கைக்குழந்தைக்குக்கூட ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. உனக்கு மட்டும் எப்படிக் கொடுப்பேன்?

என்றைக்காவது அந்தத் தண்ணீருக்காகவே வரத் தோன்றினால் வா. தோன்றாவிட்டாலும் நீ எனக்குத் தம்பிதான். கூட்டத்தில் இதையேதான் பேசப்போகிறேன். தோற்றாலும் பேசுவேன்.

அக்கா,
பூங்குழலி


ஆம்பூர்
24.3.2025

அன்புத் தம்பிக்கு,

தோற்றுவிட்டேன். முழுக்கு எடுக்காதவர் மேடையில் அமர்ந்து ஊழியம் செய்யக் கூடாது என்று தீர்மானம் ஆகிவிட்டது. உனக்கு உடனே எழுத மனம் வரவில்லை.

அந்த வாரம் பாட்டுப் பயிற்சிக்கு வந்தவர்களிடம் சொன்னேன்: “ஓட்டை மதிக்கணும். ஒருத்தர் மேடைக்கு வரக் கூடாதுன்னா, நாம கீழ போயிடலாம்.” நம் தேவிகாதான் முதலில் பாட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கீபோர்டு ஸ்டாண்டின் ஒரு முனையைப் பிடித்தாள். இப்போது கீபோர்டு, தபேலா, பாடகர் குழு எல்லாம் தரையில், முதல் பெஞ்சுக்கு எதிரில். நானும் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மூர்த்தி ஐயா மட்டும் முறைப்படி மேலே தன் நாற்காலியில். இரண்டு ஞாயிறு தனியாக உட்கார்ந்திருந்தார். நேற்று ஆரம்பப் பாட்டு நடக்கும்போது சட்டென்று எழுந்தார். சபையை விட்டே போகிறார் என்று நினைத்துவிட்டேன். மனிதர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து, ஆண்கள் பாடுகிற பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஆராதனை முடிந்ததும் என்னிடம், “அங்க இருந்தா ஒண்ணும் சரியா கேக்கலம்மா. தம்பிக்கு எழுதுங்க. என் தொண்டைக்குச் சுருதி வெக்க ஆள் இல்ல” என்றார்.

எழுதிவிட்டேன். கீபோர்டின் மேல் இருக்கும் துணியை யாரும் எடுக்கவில்லை.

அக்கா,
பூங்குழலி


உ

குடியாத்தம்
28.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூர்த்தி ஐயா நாற்காலி தூக்கிய இடத்தில் அம்மா சிரித்துவிட்டார்கள். பிறகு, “தண்ணி பத்தி அந்தம்மா இன்னா சொல்லுது?” என்று கேட்டார்கள். பிப்ரவரியில் நீங்கள் எழுதியதையும் எடுத்துப் படித்தேன். அதை நான் அதுவரை அம்மாவிடம் காட்டவில்லை.

அம்மா எழுந்து போய் பீரோவிலிருந்து புதுத் துணி ஒன்றை எடுத்து வந்தார்கள், பச்சையில் மஞ்சள் கட்டம். கீபோர்டைத் தரையில் வைத்தால் சின்னப் பிள்ளைகள் கை படும், தூசி ஜாஸ்தி, பழைய துணி பத்தாது என்கிறார்கள்.

ஞாயிறன்று முதல் பஸ்ஸில் வருகிறேன். மூர்த்தி ஐயாவைத் தொண்டைக்கு வெந்நீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அம்மாவும் வருகிறார்கள். கடைசி பெஞ்ச் வேண்டாமாம். “அன்னிக்கி நீ வாசிச்சது எனக்கு ஒண்ணும் கேக்கல. இந்த வாட்டி உன் பக்கத்துல உக்காரலாமான்னு அந்தம்மாவ கேளு” என்கிறார்கள்.

உக்காரலாமா அக்கா?

உங்கள் தம்பி,
நந்தகோபால்