நடுவில் கருகாத காகிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முட்டிவலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவிடம் பொய் சொல்லாதீர்கள்.

இங்கே சின்னதாக ஒரு தகராறு, பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் லேசரில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி போய்வரும். போகப்போக அகன்று, கடைசியில் இரண்டில் சின்னதாக இருக்கும் கண்ணாடியின் ஓரங்களைத் தாண்டி வெளியே வரும். அதனால் அந்த ஒளிக்கு முன்னால் நாங்கள் பிடிக்கிற சோதனைக் காகிதம் வளையமாகத்தான் கருகும், நடுவில் வெறுமையாக இருக்கும். புதிதாக வந்த மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, "கண்ணாடியக் கோணலா வச்சுக் கெடுத்துட்டே. என் தப்புதான்னு எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார். போட்டிருந்தால் என் ஒப்பந்தம் அன்றே முடிந்திருக்கும்.

"கோணலா இருந்தா வளையம் ஒரு பக்கம் தடிச்சிருக்கும் சார், இது சுத்தியும் ஒரே அளவு. சரியா இருந்தா லென்ஸ்ல ஒரே புள்ளியாக் குவியும். லென்ஸ் வச்சுப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க" என்றேன். பக்கத்தில் நின்ற இன்ஜினியர்களுக்கும் இது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலை நிரந்தரமானதும் நாக்கைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள் போலிருக்கிறது.

லென்ஸ் வைத்து, ஒளி குவிகிற இடத்தில் காகிதத்தை நிறுத்தினேன். வெறுமை இல்லாமல் ஒரே புள்ளியாகக் கருகியது.

"சரி சரி, வேலையப் பாரு."

"சரியா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

முறைத்துக்கொண்டே போட்டார்.

அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நாளைக்கு மாற்றிப் பேசினால் வேண்டியிருக்கும், பத்திரமாக வையுங்கள். இங்கே கொடுத்து வைக்க எனக்கு ஆளில்லை. பதிலை நீங்களே எழுதுங்கள், தம்பி இரண்டு வரியில் முடித்துவிடுகிறான்.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்