பாலமுனைக் குளிசைகள்

ஒக்டோபர் 9

காலையில் எங்கள் மேலாளர் அஸ்பாக் சேர் அழைத்தார். பெறுபேறு வந்துவிட்டதாம். கிட்னி வருத்தத்துக்கு எங்கள் கம்பனி பரிசோதித்த குளிசைக்கும், மருந்தே இல்லாத சும்மாக் குளிசைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையாம். பாலமுனையில் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தவள் நான். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

கம்பனியில் காசு போட்டவர்களுக்கு அடுத்த கிழமை கல்முனையில் விளக்கம் சொல்ல வேண்டுமாம். கம்பனிப் பெரியவர் கொழும்பிலிருந்து திரையில் பேசுவார். அதைத் தமிழில் சொல்வது என் தலையில். நல்ல வேலை!

ஒக்டோபர் 12

பக்கத்து வீட்டில் இருக்கிற என் கூடப்பிறந்த ராத்தாவின் கால் மறுபடி வீங்கியிருக்கிறது. விரலால் அமத்தினால் குழி அப்படியே நிற்கிறது. எத்தனையோ மாதமாக இல்லாத வீக்கம். கிட்னி வருத்தம் முற்றிவிட்டது என்று டொக்டர் அவளைப் பரிசோதனையில் சேர்க்கவில்லை. ஆனாலும் தேறி வந்தாள். தொழுது கேட்ட துஆவின் பலன் என்று நினைத்திருந்தேன்.

"ஒண்டுமில்ல புள்ள, உப்புக் கூடிப்போச்சு."

ஒக்டோபர் 16

கல்முனைக்குடி மண்டபத்தில் கூட்டம். பற்றிஸ், நெஸ்கபே எல்லாம் அமர்க்களம். பெரியவர் சிரித்த முகத்தோடு பேசினார்: ஏமாற்றம்தான், ஆனால் கம்பனி திடமாக இருக்கிறது, சீனி வருத்தத்துக்கு அடுத்த மருந்து வருகிறது, கிட்னிக் குளிசையை இத்தோடு விடுகிறோம், மிச்சத்தை எரிக்கச் சொல்லியாயிற்று.

அரிசி ஆலை அபுல் ஹஸன் ஹாஜியார் எழும்பினார். "தங்கச்சி, பிழை மருந்திலயா, திண்ட ஆக்கள்லயா?"

சபை சிரித்தது.

"மருந்திலதான் ஹாஜியார்" என்றேன். பெரியவர் சொன்னதும் அதுதானே?

ஒக்டோபர் 18

எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற கமீலா வந்தாள். நான் பரிசோதனையில் சேர்த்த முதல் ஆள். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. ராத்தாவின் காலைப் பார்த்துவிட்டு வந்தாளாம். அழத் தொடங்கிவிட்டாள்.

"பாதிப் பேருக்குத்தான் நெச மருந்து எண்டு நீங்கதானே மிஸ் சொன்னீங்க? ஒரே ஒழுங்கையில ஒருத்தி பொழைக்க, ஒருத்தி மௌத்தாகவா? ஊரில எல்லா ஒழுங்கையிலயும் எல்லார்ர போத்தலையும் ஒரே சட்டியில கொட்டினம். பள்ளியில ஓதி முடிஞ்சா நார்சாச் சோறு பங்கு வைக்கிறல்லா, அப்பிடி வெச்சம். உங்கட ராத்தாக்கும் ஒரு பங்கு குடுத்தம். இப்ப சட்டி காலி மிஸ்."

யா அல்லாஹ்! எல்லாரும் ஒரே கலவையைத் தின்றால் வித்தியாசம் எங்கிருந்து தெரியும்? அப்ப மருந்து நல்லமா? ராத்தா தேறினது அதாலயா? ஒரு ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது, தெரியும். ஆனால் அந்தக் கால் - நான் கண்ணால கண்டனே!

ஒக்டோபர் 19

"ஏன் ராத்தா எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா நீ நிப்பாட்டியிருப்பாய்."

ஓம். நிப்பாட்டியிருப்பேன்.

ஒக்டோபர் 21

அஸ்பாக் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "நுஸ்ரத், மருந்து சரியில்ல எண்டு காசு போட்டவங்களுக்குச் சொல்லியாச்சு. இப்ப போய் சட்டி, நார்சா எண்டு கதைச்சா நாம நடத்தினது பரிசோதனையே இல்ல எண்டாயிரும். பேசாம இரிங்க" என்றார்.

"மிச்சக் குளிசை, சேர்?"

"எரிச்சாச்சு."

ஒக்டோபர் 22

கண்ணை மூடினால் சட்டிக்குள் குளிசை விழுகிற சத்தம். நான் அதைக் கேட்டதேயில்லை. பிறகு எப்படிக் கேட்கிறது?

ஒக்டோபர் 27

பரிசோதனைகளைக் கண்காணிக்கிற குழுவுக்கு என் பெயரைப் போட்டே எழுதி அனுப்பிவிட்டேன். கமீலாவும் மற்றப் பெண்களும் தங்கள் பெயரையும் போடச் சொன்னார்கள். வேலை போகும். போகட்டும்.

டிசம்பர் 3

வேலை போய்விட்டது. ஆனால் பரிசோதனையைப் புதிதாக நடத்தச் சொல்லிக் குழு கம்பனிக்கு எழுதியிருக்கிறதாம். இம்முறை ஒரு ஒழுங்கையில் ஒரு ஆள்தான். வருத்தம் முற்றியவர்களுக்கு இப்போதும் இடமில்லை.

ஹாஜியார் போன் எடுத்தார். "அப்ப மருந்து பிழையில்லையா தங்கச்சி?"

"தெரியா ஹாஜியார்."

அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 11

ராத்தா மௌத். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

ஜனவரி 19

ராத்தாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதினார்கள். முடிந்ததும் நார்சாவைக் கமீலாதான் பங்கு வைத்தாள். வீட்டுக்கொன்றாகப் பார்சல் கட்டினாள். ஒன்றும் கூடாமல் குறையாமல் எல்லாம் ஒரே அளவு. எல்லாரும் எடுத்துக்கொண்டு போன பிறகும் பாயில் ஒரு பார்சல் இருந்தது.

"இது ஆருக்கு?" என்றேன்.

கமீலா விரல் மடக்கி வீடுகளைத் திரும்ப எண்ணிப் பார்த்தாள்.

"ராத்தாக்கும் சேத்து வெச்சிட்டன் மிஸ்."